லண்டன் மாமியின் புல்

எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலில் புல் முளைத்திருந்தால் அங்கே ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் இருக்கிற வீட்டின் முன்னால் வெள்ளை மணல்தான் கிடக்கும். விடியும்போதே அந்த வீட்டுப் பெண் அதைக் கூட்டி முடித்திருப்பாள். விளக்குமாற்றின் கோடுகள் அரைவட்டம் அரைவட்டமாக வாசற்படியிலிருந்து கேற் வரைக்கும் போகும். அதன் மேல் முதலில் கால் வைக்கிறவருக்கு, அவர் பால்காரராக இருந்தாலும் சரி, ஒரு சின்னக் கூச்சம் வரும்.

பெரியகல்லாறு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர். எந்தப் பக்கம் தோண்டினாலும் மணல். இப்படிப்பட்ட ஊரில் லொறி பிடித்து, வாவிக்கு அப்பாலிருந்து புல்லைப் பாளம் பாளமாக இறக்கி, வாசலில் நட்டு, அதற்குத் தண்ணீரும் ஊற்றியவர்கள் எங்கள் வெளிநாட்டுக்காரர்கள். நட்டுவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். அது வளரும். வளர்ந்ததை வெட்ட ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள்தான் என் அப்பா.

பெயர்ப்பலகை ஒன்றும் கிடையாது. வளவு பார்க்கிற ஆக்கள் என்று ஊரில் சொல்வார்கள். பூட்டிக் கிடக்கிற வீடுகளில் புல் வெட்டுவது, தேங்காய் பறிப்பது, தண்ணீர்த் தாங்கி கழுவுவது, வௌவால் கலைப்பது, சித்திரை வருஷத்துக்கு முன்னால் கேற்றுக்குப் பெயின்ற் அடிப்பது எல்லாம் எங்கள் வேலை. அப்பாவிடம் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிற மெசின் ஒன்று இருந்தது. அம்மாவிடம் சாவிக் கொத்து இருந்தது. இதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டி வைத்துக்கொண்டுதான் கலியாணம் பேசுவார்கள். மாப்பிள்ளை கைப்பையோடு வந்து சேருவார். ஆகவே வீடு பெண்ணுடையது, சாவியும் பெண்ணுடையது. வெளிநாடு போகிற பெண்கள் அதை என் அம்மாவின் கையில்தான் வைத்துவிட்டுப் போவார்கள். அப்பா பக்கத்தில் நிற்பார், ஆனால் அவர் கையில் ஒருவரும் வைத்ததில்லை. அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது அப்பாவுக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் தோட்ட வேலை கிடைத்தது. பச்சைச் சேர்ட்டு, தொப்பி, மாதச் சம்பளம். அங்கேயே தங்க வேண்டும், லீவில்தான் வரலாம். ஊரில் எல்லாரும் அவருடைய அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசினார்கள். மெசினை விற்றுவிடலாம் என்று அப்பா சொன்ன அன்றுதான் வீட்டில் சத்தம் கேட்டது.

"நான் பாக்கிறன்," என்றாள் அம்மா.

"பொம்புள ஒருத்தி மெசினத் தோள்ல போட்டுக்கொண்டு ரோட்டால போனா ஊர் சிரிக்கும்கா," என்றார் அப்பா.

"சிரிக்கட்டும். சாவிய என்ட கையிலதான் தந்தவங்க. உங்கட கையிலயா தந்த?"

பதில் இல்லாதபோது அப்பா நிபந்தனை போடுவார். தைப்பொங்கல் வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் எந்த வீட்டிலிருந்தாவது ஒரு குறை வந்தால் அடுத்த நாளே மெசினை விற்றுவிடுவது என்று தீர்ந்தது. அம்மா சரி என்றாள். அவள் அதுவரை ஒரு சேலையைக்கூட இது வேண்டும் என்று கேட்டவள் அல்ல. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தபோது, இந்த வேலை போனால் அம்மாவின் கையில் ஏதோ ஒன்று உடைந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவின் நீளக்கைச் சேர்ட்டைச் சட்டைக்கு மேலே போட்டு, களுவாஞ்சிக்குடிச் சந்தையில் வாங்கிய றப்பர் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு அவள் முதல் நாள் படி இறங்கினாள். ஊர் சிரிக்கத்தான் செய்தது. நானும் சிரித்தேன். பிறகு அவளுக்குப் பின்னால் ஓடினேன்.

எங்கள் கையில் இருந்த வீடுகளிலே பெரியது லண்டன் மாமியின் வீடு. எங்களுக்கு அவர் சொந்தம் இல்லை. ஊரில் வயதில் மூத்த பெண்களெல்லாம் மாமிதான். அவருடைய தகப்பன் பார்த்துப் பார்த்துக் கட்டிய சீதன வீடு அது. கலியாணம் முடிந்து கொஞ்ச நாள்தான் அதில் இருந்தார்களாம். பிறகு புருஷனும் பெண்சாதியுமாக லண்டனுக்குப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை. மாமியின் தாய்தான் சாகும்வரை அந்த வீட்டில் இருந்தவர், அதற்குப் பிறகுதான் சாவி அம்மாவிடம் வந்தது. நான் மாமியைக் கண்டதில்லை, போனில் குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "வாற வருசம் வருவன் தங்கச்சி," என்றுதான் பேச்சை முடிப்பார். இவ்வளவு காசுள்ளவர்கள் பிளேனில் ஏறி வருவதற்கு ஏன் இவ்வளவு பஞ்சிப்பட்டுச் சோம்பி இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நாங்கள் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய் வருகிறோம்தானே?

அந்த வாசலுக்குப் புல் போடச் சொன்னவர் லண்டன் மாமா. அங்கே எல்லா வீட்டுக்கு முன்னாலும் அப்படித்தானாம். புல் வந்த கையோடு போட்டிக்கோவில் ஒரு கெமராவும் வந்தது. மாமி லண்டனில் இருந்துகொண்டே தன் போனில் வாசலைப் பார்க்கலாம். கள்ளனுக்காக வைத்த கெமரா. ஆனால் அதற்குக் கூடுதலாகப் பயந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். அந்த வீட்டைக் கடக்கும்போது மீன்காரர் சாரத்தை இறக்கிவிட்டுக்கொள்வார். அம்மா கேற்றைத் திறப்பதற்கு முன் தலையைத் தடவிச் சரிசெய்வாள். நான் தினமும் அதைப் பார்த்துப் பல்லைக் காட்டுவேன்.

மாரி தொடங்கியதும் சோதனையும் தொடங்கியது. மழை பெய்யப் பெய்யப் புல் போட்டிபோட்டு வளர்ந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மெசின் படுத்துவிட்டது. அம்மா கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை பொக்களித்துப் போயிற்று. திருத்துகிறவர் அதைக் கழற்றிப் பார்த்து, சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று சொல்லித் திருப்பித் தந்தார். அம்மா கத்தியால் வெட்டிப் பார்த்தாள். ஒரு மூலையை முடிப்பதற்குள் மறு மூலை முழங்காலுக்கு வந்துவிட்டது.

மாமியிடமிருந்து செய்தி வந்தது. புல்லு கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்ன தங்கச்சி என்று மட்டும்தான் கேட்டிருந்தார். இது குறையா, சும்மா கேள்வியா என்று அம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். என்னிடமும் வாசிக்கத் தந்தாள். எனக்கு அது குறை மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் நான் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் என் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமத்தில் கலியாணம் செய்து அங்கேயே இருப்பவர். எந்தத் தொல்லைக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும், அந்த வழியில் வேறொரு தொல்லை காத்திருக்கும். அப்போது அவர்களுடைய வயல் வட்டையில் விதைப்பு முடிந்திருந்தது. விதைத்துவிட்டால் மாடுகளை வயல் பக்கம் வைத்திருக்க முடியாது, தூரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். மாமாவின் மாமனாருடைய பெரிய மாடுகள் போய்விட்டன. நடக்கமாட்டாத கன்றுகள் மட்டும் நின்று, முளைக்கிற நெல்லை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"உனக்குப் புல்லு கரச்சல், எனக்குக் கண்டு கரச்சல். ரெண்டையும் ஒண்டாச் சேத்துவிட்டா முடிஞ்சிதுகா," என்றார் மாமா.

"கெமரா இருக்கிதுடா."

"அது என்ட வேல."

அடுத்த நாள் காலையில் வாவியின் பட்டிருப்புப் பாலத்தால், பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தது. பெட்டிக்குள் கன்றுகள் ஒன்றின்மேல் ஒன்று முகத்தை வைத்துக்கொண்டு நின்றன. மாமா முதல் வேலையாகப் பின்பக்கத்தால் ஏறி, கெமராவின் தலையில் ஒரு சொப்பிங் பேக்கைக் கவிழ்த்து இறுக்கிக் கட்டினார். மழைக்குப் பழுதாகிவிட்டது என்று சொல் என்று அம்மாவுக்குப் பாடம் வேறு. பொழுதுபடுவதற்குள் கன்றுகள் புல்லைத் தின்று முடித்துவிடும், பேக்கைக் கழற்றிவிடலாம், அடுத்த நாள் லண்டனில் மாமி விழித்துப் பார்க்கும்போது வாசல் மொட்டையடித்த மாதிரி இருக்கும். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அம்மாவே கடைசியில் தலையாட்டிவிட்டாள்.

மத்தியானம் மழை தொடங்கியது. சும்மா மழை அல்ல, வானம் பொத்துக்கொண்ட மழை. ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது, லேண்ட்மாஸ்டர் போகாது என்று மாமா வந்து நின்றார். கன்றுகளை எங்கே கொண்டுபோவது? மழை விடும்வரை அவை அங்கேயே நின்றன. எனக்குக் கொண்டாட்டம். வெள்ளைக் கன்று ஒன்று என் கவுன் நுனியைச் சப்பிக்கொண்டே நிற்கும். நான் அதற்கு மாமியின் வீட்டைச் சுற்றிக் காட்டினேன்.

மழை விட்டு, கன்றுகளை ஏற்றி அனுப்பிவிட்டு அம்மா வாசலைப் பார்த்தாள். புல்லைக் காணவில்லை. புல் இருந்த இடமும் இல்லை. குளம்பு பட்ட குழியெல்லாம் தண்ணீர். இடையிடையே சேற்றில் மிதிபட்ட பாளங்கள் வேரோடு புரண்டு கிடந்தன.

"கண்டெல்லாம் மிரிச்சு உழுதிருக்கிற வடிவுக்கு இதுலயே நெல்ல விதைக்கலாம்கா," என்றார் திரும்பி வந்த மாமா.

அம்மா சிரிக்கவில்லை. போட்டிக்கோப் படியில் உட்கார்ந்தாள். சப்பாத்தோடு உட்கார்ந்து அழுதாள். போனில் மாமியின் செய்தி வந்து கிடந்தது. கெமரா தெரியவில்லை தங்கச்சி, வீட்டுக்கு ஒன்றுமில்லையே என்று. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவளுடைய சேர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா எழும்பித் தலையை இறுக்கி முடிந்தாள். மண்வெட்டியை எடுத்தாள். மிச்சமிருந்த புல்லையும் கொத்தினாள். மாமா பதறிப்போனார். இருக்கிற கொஞ்சமாவது இருக்கட்டும், மூடி மறைக்கலாம் என்றார். அவள் காதில் விழவில்லை. கொத்தியதை எல்லாம் வீட்டின் பின்னால் குவித்துவிட்டு, எங்கள் வீட்டுப் பின்வளவு மணலை வெட்டி லேண்ட்மாஸ்டரில் ஏற்றச் சொன்னாள். பெட்டி பெட்டியாக எங்கள் வளவு மாமியின் வளவுக்குப் போனது. பரப்பினாள், பலகையால் மட்டம் பிடித்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்து, படியிலிருந்து தொடங்கிப் பின்பக்கமாக நடந்து நடந்து கேற் வரைக்கும் கூட்டினாள். கூட்டி முடித்து அவள் நிமிர்ந்தபோது மூன்று பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். அந்த வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

"இப்ப பேக்கக் கழட்டு," என்றாள்.

"விசராக்கா உனக்கு? நாலு நாள் போகட்டும். மறுகா பாப்பம்."

"கழட்டுடா. சாவிய வாங்கி வச்சுக்கொண்டு அவட கண்ணக் கட்டி வைக்க ஒண்ணாது."

மாமா கழற்றினார். நாங்கள் கேற்றடியில் நின்றோம். அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அது அடிக்கவில்லை, அடிக்கவில்லை, பிறகு அடித்தது. அவசரத்தில் அவள் விரல் எங்கோ பட்டு ஸ்பீக்கரில் விழுந்தது.

அம்மா தானாகவே சொல்லத் தொடங்கினாள். மெசின் பழுது, கன்றுகள், சொப்பிங் பேக், மழை, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். மாமா தலையில் கைவைத்தார். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து அழுகை கேட்டது. பெரிய ஆள் ஒருவர், அதுவும் லண்டனில் இருக்கிற ஒருவர், அப்படி விக்கி விக்கி அழுவதை நான் கேட்டதில்லை.

"தங்கச்சி, கூட்டின நீயா?"

"ஓம் அக்கா."

"எங்கட அம்மாவும் இப்பிடித்தான் பின்னால பின்னால நடந்து கூட்டுறவ. ஒருக்காக் கூட்டு தங்கச்சி, நான் பாக்கிறன்."

அம்மா கூட்டிய மணலையே மறுபடியும் கூட்டினாள். மாமி அழுதுகொண்டே பார்த்தார். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "புல்லு வேணாம் தங்கச்சி. இவருக்கு நான் சொல்லிக்கொள்றன்," என்றார். அம்மா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மாமாவோ, பார்த்தாயா என்னுடைய மூளையை என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தினார்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வேணாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? சொந்தக்காரர் வீட்டில் பலகாரம் நீட்டினால் அம்மாவும்தான் வேணாம் என்பாள். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பலகாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள். மாமி மரியாதைக்குச் சொல்கிறார். பணம் செலவழித்து நட்ட புல்லை எங்கள் கன்றுகள் தின்றதற்குத்தான் இந்த அழுகை. வேறு எதற்கு ஒருவர் வெறும் மணலைப் பார்த்து அழப்போகிறார்?

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் பின்பக்கக் குவியலில் தேடி, வேர் நல்லபடி இருந்த ஒரு புல் பாளத்தை எடுத்தேன். கேற்றின் தூணுக்குப் பக்கத்தில், கெமராவுக்கு நேரே தெரிகிற இடமாகப் பார்த்து நட்டேன். சிரட்டையில் தண்ணீர் ஊற்றினேன். பிறகு கெமராவுக்குக் கீழே போய் நின்று, அண்ணாந்து, மாமிக்கு விளக்கமாகச் சொன்னேன். "அழாதீங்க மாமி. புல்லு நட்டிருக்கன். சுறுக்கா வளந்திரும்."

பிறகு நாள் தவறாமல் இதே வேலை. தண்ணீர் ஊற்றுவேன், நிலவரத்தை மாமிக்குச் சொல்வேன். புதுத்தளிர் வந்தால் விரலால் தொட்டுக் காட்டுவேன். பள்ளிக்கூடச் செய்திகளும் சில சொன்னேன். வெள்ளைக் கன்று என்னை மறந்திருக்காது என்பதையும் சொன்னேன். அம்மாவுக்குத் தெரிந்தால் பிடுங்கிவிடுவாள் என்று, அவள் கூட்ட வருகிற நாட்களில் அதன் மேல் ஒரு தென்னோலையை இழுத்துப் போட்டு மறைத்தேன். மணலில் ஒரு பூண்டு தலைகாட்டினாலும் விடாத அம்மாவின் கண்ணில் இது மட்டும் படவேயில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பொங்கலுக்கு அப்பா லீவில் வந்தார். லண்டன் மாமி வீட்டுக் கேற்றில் நின்று அந்த மணலை வெகுநேரம் பார்த்தார். மாதக்கணக்காகப் புல்லுக்குத் தண்ணீர் பிடித்துவிட்டு வந்த மனிதர். வீட்டுக்கு வந்து, மற்ற வளவுகளுக்கு வேண்டும்தானே என்று, கொழும்பிலிருந்து வந்திருந்த சாமானை மெசினில் பூட்டி, துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார். விற்கிற பேச்சு அதோடு போனது. பிறகு வேறு சில வெளிநாட்டுக்காரிகளும் புல்லை எடுத்துவிட்டு மணல் போடச் சொன்னார்கள். நான் வளர்ந்தேன், மேல்வகுப்புகளுக்குப் போனேன். கேற்றடிப் புல்லை மறந்துவிட்டேன்.

இந்த வருஷம் அம்மாவின் முழங்கால் இனி ஏலாது என்றுவிட்டது. படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான், நான் பார்க்கிறேன் என்றேன். அம்மா சாவிக் கொத்தை என் கையில் வைத்தாள். பிறகு ஒவ்வொரு வீடாகக் கூட்டிக்கொண்டு போனாள். எந்தப் பூட்டுக்கு எண்ணெய் வேண்டும், எந்தத் தென்னையில் குளவி கட்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். லண்டன் மாமியின் வளவில் கேற்றைத் திறந்ததும், தூணடியில் ஒரு சுளகு அளவுக்குப் புல் படர்ந்து நின்றதைக் கண்டேன். முதல் நாள் உற்சாகம் வேறு. மண்வெட்டியை ஓங்கினேன்.

"அதத் தொடாத," என்றாள் அம்மா.

"ஏனம்மா? மணலுக்குள்ள புல்லு."

"நீ நட்ட புல்லுதான். மாமி அந்த நாளே சொல்லிப்போட்டா, அதப் புடுங்க வேணாம், புள்ளைக்கும் சொல்ல வேணாமெண்டு. நான் சுத்திவரத்தான் கூட்டுறனான். நீ மூடின ஓலையத் தூக்கிப் பாத்து, கிறுகவும் மூடிவைப்பன்."

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். மாமி இன்னும் வரவில்லை. அங்கே இருப்பதற்கான பேப்பர் கிடைக்காமல் வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது என்பதும், தாய் இறந்தபோதும் அதனால்தான் வரவில்லை என்பதும் நான் பெரிய வகுப்புக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தாயைத் தூக்கிக்கொண்டு போன வாசலும் அதுதான்.

"வேலைக்குப் போக முன்ன ஒவ்வொரு நாளும் உன்னப் பாத்திட்டுத்தான் போவாவாம்," என்றாள் அம்மா. "எனக்குப் போன் எடுத்து அழுவா. புள்ள என்னைப் பாத்து என்னவோ சொல்லுது தங்கச்சி, ஒண்டும் கேக்குதில்லயே எண்டு."

நான் தலையைத் தூக்கிப் போட்டிக்கோவைப் பார்த்தேன். அந்தக் கெமராவால் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.